மணிமாறன் பெயர் எழுதிய ஹார்ட் டிஸ்க்

மணிமாறனின் வாளியில் அவன் பெயர் இருக்கும். தட்டில் இருக்கும். தலையணையின் நான்கு மூலையிலும் இருக்கும். வளைகுடாவில் எட்டுப் பேர் படுக்கும் தொழிலாளர் கேம்ப் ரூமில் எவனும் தன் சாமானில் பெயர் எழுதத்தான் செய்வான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஊருக்கு அனுப்பும் அட்டைப்பெட்டியில் ஆறு பக்கமும் மார்க்கரால் எழுதிக் கை பழகிய கூட்டம் நாங்கள். ஆனால் மணிமாறன் அதையும் தாண்டியவன். பெயர், ரூம் நம்பர், போன் நம்பர், முதுகுளத்தூர் என்று ஊர், இத்தனையும் எழுதினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். சோப்பில் மை நிற்காது என்பதால் சோப்பு டப்பாவில் எழுதினான். ஒருமுறை என் கடையில் டீ குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் பேப்பர் கப்பிலும் எழுதிவைத்துவிட்டுப் போனான்.

நான் சாதிக் பாட்ஷா, கீழக்கரைக்காரன். ஷார்ஜா தொழில்பேட்டையில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் கராஜும் குடோனும் ஒர்க்‌ஷாப்பும்தான். அங்கெல்லாம் ஒரு கம்ப்யூட்டரை வாங்கினால் அது புகைகிற வரைக்கும் மாற்ற மாட்டார்கள். படுத்துவிட்டதை எழுப்பி உட்கார வைப்பது என் வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அதை மறைப்பதற்கில்லை. திட்டாமல் நான் எந்த வேலையும் செய்ததில்லை, செய்யாமல் எதையும் திருப்பி அனுப்பியதுமில்லை.

மணிமாறன் இந்த ஊருக்கு வந்தபோது என் கடைக்கு இரண்டு தெரு பின்னால் இருந்த அபாயா எம்பிராய்டரி ஒர்க்‌ஷாப்பில் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தான். பெண்கள் போடும் கறுப்பு அங்கிதான் அபாயா. கைகளிலும் ஓரத்திலும் மெஷின் பூவேலை செய்யும், மெஷினுக்கு என்ன தைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்த சிரியாக்காரர் ஒருநாள் லீவில் போனார், திரும்பவில்லை. "யாருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்?" என்று முதலாளி கேட்டார். மணிமாறன் கையைத் தூக்கிவிட்டான். மதியம் என் கடைக்கு ஓடி வந்தான்.

"பாய், கம்ப்யூட்டரை எப்படி ஆன் பண்றது?"

சத்தியமாக இப்படித்தான் கேட்டான். அன்றைக்கு நான் திட்டிய திட்டில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் ஆள் லேசுப்பட்டவனில்லை. ஒரு வருஷம் சிரியாக்காரருக்குப் பின்னால் நின்று நூல் வெட்டியவன், அவர் கை போன இடமெல்லாம் கண்ணில் ஏற்றி வைத்திருந்தான். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அந்த ஒர்க்‌ஷாப்பின் டிசைன் அத்தனையும் அவன் போட்டதுதான். புஜைராவிலிருந்து அல் ஐன் வரைக்கும் எத்தனை கல்யாணத்தில் அவன் பூக்கள் நடந்து போயிருக்கும் என்று கணக்கில்லை. அபாயாவின் கழுத்தில் ஒர்க்‌ஷாப் பெயர் இருக்கும். அவன் பெயர் எங்கேயும் இருக்காது. வாளியில் எழுதத் தெரிந்தவனுக்கு அதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை.

இந்த வருஷம் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு விருப்பமில்லை, கலாஸ், கதை முடிந்தது. விசாவை ரத்து செய்து, வேறு வேலை தேடிக்கொள்ள இத்தனை நாள் என்று கொடுத்தார்கள். அந்த நாட்களில் பதினொன்று மீதி இருந்த ஒரு புதன்கிழமை காலையில் மணிமாறன் என் மேஜையில் ஒரு பொட்டலத்தை வைத்தான். பிரவுன் டேப்பால் சுற்றிச் சுற்றிக் கட்டிய பொட்டலம்.

"இது என்னடா, டிஸ்க்கா பலாப்பழமா?"

"ஹார்ட் டிஸ்க்கு பாய். கம்பெனி மூடுனப்ப பழைய கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போடான்னாங்க. பெட்டி பெருசு, ரூம்ல வைக்க எடமில்ல. இதை மட்டும் கழட்டிட்டு மத்ததைத் தூக்கிப் போட்டுட்டேன். தூசி போகக் கூடாதுன்னு கொஞ்சம் டேப் சுத்துனேன்."

கொஞ்சமாம். கார்கோவில் கடலைத் தாண்டப் போகிற பெட்டிக்குக்கூட அத்தனை சுற்று சுற்ற மாட்டார்கள். கடுப்போடு டேப்பைப் பிடித்து இழுத்து இழுத்துப் பிய்த்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தேன். உள்ளே டிஸ்க் இருந்தது. அதன் ஸ்டிக்கர் முழுவதும் தடித்த மார்க்கரில் மணிமாறன், ரூம் 214, போன் நம்பர், முதுகுளத்தூர். திருடன் எடுத்தால்கூட போன் செய்து கேட்டுக்கொண்டு எடுப்பான்.

"இப்ப இதுக்கு என்ன அவசரம்?" என்றேன்.

அவன் சொன்னான். அல் ஐனில் ஆமிரா என்ற எமராத்தி அம்மா புதிதாக ஒரு எம்பிராய்டரி ஒர்க்‌ஷாப் திறக்கிறார். டிசைனர் வேலைக்கு ஐந்தாறு பேர் போயிருந்தார்கள், மணிமாறனும் போனான். அந்த அம்மா பையிலிருந்து ஒரு அபாயாவை எடுத்து மேஜையில் விரித்தாராம். அவருடைய அக்கா கல்யாணத்துக்குத் தைத்தது. இப்போது தங்கைக்குக் கல்யாணம், தங்கைக்கு அதே கை வேலைப்பாடு வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பார்த்ததும் மணிமாறன் "இது நான் போட்டது" என்று சொல்லிவிட்டான்.

"அந்தம்மா சிரிச்சாங்க பாய். இதோட நாலு பேரு அப்படிச் சொல்லிட்டாங்களாம். போட்டவன் நீதான்னா டிசைனைக் கொண்டாந்து காட்டு, வியாழக்கிழமை நாலு மணி வரைக்கும் பாப்பேன், இல்லாட்டி சர்டிபிகேட் வெச்சிருக்கிற ஆளை எடுத்துக்குவேன்னு சொல்லிட்டாங்க. எங்கிட்ட சர்டிபிகேட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த டிஸ்க்குதான் இருக்கு."

"அபாயாவைப் பாத்துத் திரும்ப வரையலாமேடா."

"வரையலாம், பத்து நாள் ஆகும். அப்பவும் பாத்துக் காப்பி அடிச்சான்னுதான் சொல்லுவாங்க." டிஸ்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இது கெடைக்கலேன்னா டிக்கெட் போட்டுட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான் பாய். நாப்பத்தஞ்சு வயசுல யாரு என்னைய மறுபடி கூப்பிடுவா?"

அதைக் கேட்டபிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை. வேலையைப் பார்த்தேன்.

அந்த டிஸ்க்கின் வாய் அகலம். நாற்பது ஊசி வரிசையாக நிற்கும், பட்டையான கேபிள் ஒன்றை அதில் மாட்ட வேண்டும். அந்தக் காலத்து மதர்போர்டில் அந்தக் கேபிளுக்கென்றே ஒரு நீளமான இடம் இருந்தது. இப்போது வரும் மதர்போர்டில் அது கிடையாது. சின்னச் சின்ன ஓட்டைகள்தான் இருக்கின்றன. என் மேஜையில் இருந்தது போன வருஷத்து மதர்போர்டு. இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அதற்கெல்லாம் நான் கவலைப்படவில்லை. பழைய கேபிள், கன்வெர்ட்டர், முப்பதுக்கு மேல் செத்த டிஸ்க் என்று ஒரு பெரிய பெட்டி நிறைய என் வீட்டுப் பால்கனியில் இருந்தது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று பன்னிரண்டு வருஷம் சேர்த்தது. என் மனைவி ஜுலைஹா பீவிக்குப் போன் போட்டேன்.

"ஜுலைஹா, பால்கனிப் பெட்டியைத் திறந்து பாரு. உள்ள பட்டை ஒயரோட ஒரு சாமான் கெடக்கும்."

"எந்தப் பெட்டி?"

"எந்தப் பெட்டியா? நமக்கு எத்தனை பால்கனி இருக்கு?"

மெதுவாகச் சொன்னாள். "துணி காயப்போட எடமில்லன்னு எத்தனை தடவ சொல்லிருப்பேன்? போன வெள்ளிக்கிழமை பழைய சாமான் எடுக்குற கபாடிக்காரர் வந்தாரு. எடுத்துட்டுப் போனாப் போதும்னு குடுத்துட்டேன். நீங்க ஜும்மாவுக்குப் போயிருந்தீங்க."

பன்னிரண்டு வருஷம் யாரும் கேட்காத பெட்டி அது. கொடுத்த ஐந்தாம் நாள் ஆள் வந்து நிற்கிறான். போனில் நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதினால் என் மனைவி இதையும் கபாடிக்காரரிடம் கொடுத்துவிடுவாள்.

மூன்றாவது தெருவில் கலீலுர் ரஹ்மானின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. அவரிடம் கடைசியாக ஒரே ஒரு கன்வெர்ட்டர் கிடந்தது. ஒரு பக்கம் நாற்பது ஊசி வாய், இன்னொரு பக்கம் யுஎஸ்பி, கரண்டுக்குத் தனி ஒயர். கொண்டுவந்து மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்க் உர்ரென்று சுற்றியது. மணிமாறன் முகத்தில் அப்போது பார்த்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. கழற்றி மாட்டினேன், வரவில்லை. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன், அதிலும் மாஃபி, ஒன்றுமில்லை. டிஸ்க் பாட்டுக்குச் சுற்றுகிறது, கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியவில்லை.

மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அதே கதைதான். டிஸ்க் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அப்போது ஜுலைஹா அடுக்குச் சட்டியோடு கடைக்குள் நுழைந்தாள். என்மேல் கோபமாக இருந்தால் அவள் சமைக்க மாட்டாள், தன்மேல் தப்பு இருந்தால் வஞ்சிரம் வாங்குவாள். அன்றைக்கு வஞ்சிர மீன் ஆணம், எங்கள் பேச்சில் ஆணம் என்றால் குழம்பு.

"தம்பி, மொதல்ல சாப்பிடுங்க," என்று மணிமாறனிடம் தட்டை நீட்டினாள். அவன் கையில் சோற்றை வைத்துக்கொண்டு டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் குனிந்து பார்த்தாள். "எல்லா ஊசியிலயும் என்னமோ மாட்டிருக்கீங்க. இந்த ஓரத்துல எட்டு ஊசி மட்டும் ஏன் வெறுமனே நிக்குது?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பதினெட்டு வருஷ அனுபவக்காரனுக்குத் தெரியாமல் போனது மீன் ஆணம் கொண்டுவந்தவள் கண்ணில் பட்டுவிட்டது.

அந்த ஓரத்து எட்டு ஊசியில் இரண்டின் தலையில் ஒரு குட்டித் தொப்பி இருக்க வேண்டும். ஜம்பர் என்போம். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டுவோம். இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் என்பதால், ஒன்று முதலாளி, மற்றது கையாள் என்று அந்தத் தொப்பியை வைத்துத்தான் முடிவு செய்வோம். இந்த ரக டிஸ்க்கில் தொப்பி இல்லாவிட்டால் அது தன்னைக் கையாள் என்றே நினைத்துக்கொள்ளும். முதலாளி பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். கன்வெர்ட்டரோ முதலாளியிடம் மட்டும்தான் பேசும்.

"அது எப்படிப் பாய் காணாமப் போச்சு? நான் கழட்டலையே," என்றான் மணிமாறன்.

எப்படிப் போயிருக்கும்? கோழி இறகைப் பிடுங்குவது போல் டேப்பைப் பிடுங்கியது யார், நான்தான். டேப்போடு அதுவும் போயிருக்கிறது. குப்பைக்கூடையைப் பார்த்தேன். காலி. பில்டிங்கைப் பெருக்கும் வங்காளத்துக்காரர் பன்னிரண்டு மணிக்கே எடுத்துப் போய்த் தெருமுனை முனிசிபாலிட்டி தொட்டியில் கொட்டியிருந்தார்.

கலீலுர் ரஹ்மானுக்குப் போன் போட்டேன். "பழைய டிஸ்க் ஒண்ணு இருக்கா பாய்? அதுல இருக்கிற ஜம்பர் மட்டும் போதும்." "அதையெல்லாம் இப்ப யாரு வெச்சிருக்கா? உங்க பால்கனியிலதான் இருக்கும்," என்றார். ஜுலைஹா கூரையைப் பார்த்தாள்.

ஷார்ஜா வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு இரும்புக் குப்பைத்தொட்டி எப்படி இருக்கும் என்று தொட்டவனுக்குத்தான் தெரியும். மணிமாறன் உள்ளே இறங்கிவிட்டான். நான் வெளியே நின்று, வலதுபக்கம், இடதுபக்கம், அந்தப் பச்சைப் பைக்குக் கீழே என்று அதிகாரம் செய்தேன். டயர் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து, "க்யா கோ கயா பாய், சோனா?" என்று கேட்டார்கள். தங்கம் தொலைந்ததா என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர்களும் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் டேப் உருண்டை கிடைத்தது. கடைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, மூன்று பேரும் சேர்ந்து சுற்றுச் சுற்றாகப் பிரித்தோம். ஜுலைஹாவின் விரல் மெல்லியது. ஐந்தாவது மடிப்பிலேயே அவள் நிறுத்தினாள். டேப்பின் பசையில் கறுப்பாக ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுவா? இதுக்கா இத்தனை கூத்து?"

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது," என்றேன் பெருமையாக.

பெருமை ஒரு நிமிஷம்தான் நின்றது. தொப்பி கிடைத்துவிட்டது, எந்த இரண்டு ஊசியில் மாட்டுவது? கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். மாற்றி மாட்டி எதையாவது கெடுத்துவிட்டால் இருந்ததும் போய்விடும். அதற்கான படம் டிஸ்க்கின் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். அந்தப் படத்தின்மேல்தான் இவன் மணிமாறன் என்று எழுதியிருந்தான். மாடல் நம்பரை வைத்து இணையத்தில் தேடலாம் என்றால், மாடல் நம்பரின்மேல் இவன் போன் நம்பர் உட்கார்ந்திருந்தது.

"உனக்கு எழுத வேற எடமே கெடைக்கலையாடா?"

"காலியா இருந்துச்சுன்னா யாராச்சும் எடுத்துக்குவாங்கன்னு பயம் பாய்," என்றான் பாவமாக.

கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டில் ஒன்று அலமாரியில் இன்னும் இருந்தது. அழியாத மார்க்கர் என்பார்கள், ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடும். பஞ்சில் தொட்டு, அவனைப் பார்த்தேன். என்னதான் கிண்டல் செய்தாலும், ஒருவன் தன் பெயரை எழுதிப் பத்திரப்படுத்தியதை அழிக்க எனக்கு ஒருமாதிரியாக இருந்தது.

"அழிச்சிருங்க பாய். பேரு போனாப் போகுது, டிசைன் வந்தாப் போதும்."

மெதுவாகத் துடைத்தேன். ரூம் நம்பர் போனது, முதுகுளத்தூர் போனது, ஒவ்வொரு எழுத்தாக மணிமாறன் போனான். கீழே மங்கலாகப் படம் தெரிந்தது. எட்டு ஊசி, அதில் கடைசி இரண்டைச் சுற்றி ஒரு கட்டம். சாமணத்தால் தொப்பியை எடுத்து அங்கே மாட்டினேன். பிஸ்மி சொல்லி ஸ்விட்சைப் போட்டேன்.

உர்ரென்று சுற்றியது. ஒரு நொடி, இரண்டு நொடி. திரையில் டிஸ்க் வந்து நின்றது.

மணிமாறன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். ஜுலைஹா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான் திறந்தேன். உள்ளே அறுநூற்றுச் சொச்சம் கோப்புகள். பெயர்களைப் படித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். ஆங்கில எழுத்தில் சாம்பார் ஒன்று, சாம்பார் இரண்டு, ரசம், குபூஸ், கருவாடு, முட்டை, குபூஸ் இரண்டு, பழைய சோறு.

"என்னடா இது, டிசைன் டிஸ்க்கா மெஸ் டிஸ்க்கா?"

அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். "டிசைன் முடிஞ்சா கம்ப்யூட்டர் பேரு கேக்கும் பாய். எட்டு எழுத்துக்கு மேல வாங்காது. எல்லாத்துக்கும் என் பேரையே போட்டா எது எதுன்னு எப்படித் தெரியும்? முடியிற நேரம் எப்பவும் சாப்பாட்டு நேரமா இருக்கும். அன்னைக்கு என்ன சாப்பாடோ அதைச் சுருக்கி அடிச்சிருவேன்."

நானும் ஜுலைஹாவும் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. "சரி, அந்தம்மாவோட அக்கா அபாயா இதுல எது?" என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

"வத்தக்கொழம்பு. அன்னைக்கு ரூம்ல மாயாண்டி அண்ணன் சமையல். உப்பு அதிகம்."

வத்தக்குழம்பைத் திறந்தேன். டிசைன்களைப் பார்க்க இலவச மென்பொருள் ஒன்றை அதற்குள் இறக்கி வைத்திருந்தேன். திரையில் ஈச்சம்பாளை ஒன்று விரிந்து, கிளை கிளையாகப் பிரிந்து, ஓரத்தில் அலையாக முடிந்தது. அபாயா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது அழகு என்று எனக்கே தெரிந்தது. பதினாறு வருஷமாக இரண்டு தெரு தள்ளி இவன் செய்துகொண்டிருந்த வேலையை நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லையே என்று வெட்கமாக இருந்தது. அத்தனையையும் ஒரு பென்டிரைவில் ஏற்றினேன். அதன்மேல் அவன் பெயரை எழுதச் சொல்லி மார்க்கரை நானே நீட்டினேன்.

மறுநாள் வியாழக்கிழமை என் காரில் அல் ஐன் போனோம். கஹ்வா என்ற அரபிக் காப்பியை வைத்துவிட்டு ஆமிரா மேடம் எதிரில் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி, பேச்சில் அரபியும் இந்தியும் கலந்து வந்தது. மணிமாறனுக்கு அரபி அரைகுறை என்பதால் மொழிபெயர்க்க நான்.

பென்டிரைவைப் போட்டு வத்தக்குழம்பைத் திறந்தோம். மேடம் அபாயாவின் கையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார். மூன்றாவது கிளையில் விரல் நின்றது.

"துணியிலும் திரையிலும் இங்கே ஒரு இலை குறைகிறதே. மறந்துவிட்டாயா?"

நான் தமிழில் சொன்னதும் மணிமாறன் மறுத்துத் தலையை ஆட்டினான். "மறக்கல மேடம். அந்த எடத்துல தையல் மடிப்பு வருது. இலை போட்டா ஊசி ஒடியும்."

மேடம் அபாயாவின் உள்பக்கத்தைத் திருப்பினார். அந்த இடத்தில் சரியாக மடிப்பு இருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னும் மூன்று அபாயாக்களைக் கொண்டுவந்து விரித்தார். மணிமாறன் முதலாவதைத் தொட்டான்.

"இது ரசம்." திறந்தான், அதே பூ. இரண்டாவதைத் தொட்டு, "இது கருவாடு." திறந்தான், அதே கொடி. மூன்றாவதை நெடுநேரம் தடவிப் பார்த்தான். "இது என்னோடது இல்ல. ஆனா நல்ல கை," என்றான்.

அந்த மூன்றாவது துபாயில் வேறு கடையில் வாங்கியது என்று மேடம் பிறகு சொன்னார். அப்போது அவர் கேட்டதெல்லாம் வேறு. "ஷூ ஹாதா? ரசம், கருவாடு, இதெல்லாம் என்ன? ஊர்ப் பெயரா?"

விளக்கினேன். ரசம் என்றால் மிளகுச் சாறு. கருவாடு உங்கள் மாலெஹ் மாதிரி, உப்புப் போட்டுக் காயவைத்த மீன். உங்கள் அக்கா அபாயா காய்ந்த காயைப் புளியில் போட்டுக் கொதிக்க வைக்கும் குழம்பு. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டு, நீ புளிக்குழம்பு உடுத்திக் கல்யாணம் முடித்தவள் என்று அரபியில் சொன்னார். போனுக்குள்ளிருந்து வந்த கூச்சல் எங்களுக்கே கேட்டது.

"இப்படி ஒரு பெயரைத் திருடன் வைக்க மாட்டான்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மணிமாறனைப் பார்த்தார். "பாஸ்போர்ட் காப்பி கொண்டு வந்திருக்கிறாயா?"

கொண்டு வந்திருந்தான். அதன் நான்கு ஓரத்திலும் பெயர் எழுதியிருந்தான்.

பிறகு அவன் விசா வந்து, வேலையில் சேர்ந்து, தங்கையின் அபாயா மெஷினில் ஏறிய நாளில் நானும் அங்கே இருந்தேன். அந்தப் பழைய டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டரோடு நிரந்தரமாக மாட்டிக் கொடுக்க மேடம் என்னைக் கூப்பிட்டிருந்தார். கையின் அளவுக்குத் தகுந்தபடி டிசைனைக் கொஞ்சம் மாற்றி மணிமாறன் முடித்திருந்தான். மேடம் பார்த்தார், தலையசைத்தார். பிறகு கைமடிப்பின் உள்பக்கத்தைக் காட்டினார்.

"இங்கே உன் பெயரைத் தைத்துவிடு. உன் மொழியிலேயே தை. நாளைக்கு என் தங்கை மகள் இதே கை வேண்டும் என்பாள். அப்போதும் ஹார்ட் டிஸ்க்கைத் தேடி அலைய முடியாது."

நான் அதைத் தமிழில் சொன்னேன். "என்ன சொன்னாங்க பாய்?" என்றான் மணிமாறன். இன்னொரு தடவை சொன்னேன். அவன் கண் நிறைந்துவிட்டது, நான் வேண்டுமென்றே இருமினேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாக வரைந்தான். மணிமாறன் என்று முடித்தான். அதோடு கை நிற்கவில்லை, அடுத்த வரிக்குப் போனது. நான் எட்டிப் பார்த்தேன். போன் நம்பரின் முதல் மூன்று எண் வந்திருந்தது.

"டேய், கல்யாணப் பொண்ணு சட்டைக்குள்ள போன் நம்பர் போடுறியா? பேரோட நிறுத்துடா."

அவன் எண்களை அழித்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஊரு மட்டும் போட்டுக்கிறேன் பாய்."

போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மணிமாறன், முதுகுளத்தூர். கறுப்புத் துணியில் கறுப்பு நூல், தொட்டால்தான் தெரியும். கோப்புக்குப் பெயர் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டது. மேடம் வீட்டிலிருந்து எங்களுக்கு மதியச் சாப்பாடு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. அவன் தட்டின் மூடியைத் தூக்கி அரபிக் கறிச்சோற்றைப் பார்த்துவிட்டு, மச்பூஸ் என்று அடித்தான்.